உதடு ஒட்டாத மொழி

ஜனீன் அப்பாவின் பல்செட்டைக் குழாய்த் தண்ணீரில் பிடித்து, பழைய பிரஷ் ஒன்றால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் பையில், செருப்புக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் நடுவே, டிஷ்யூ காகிதத்தில் சுற்றி மூன்று நாளாக அது கிடந்திருக்கிறது. மனுஷன் கடைசியாகத் தின்ற ஏதோ ஒன்று ஈறு ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. முட்டையாக இருக்கலாம். நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினால் வந்துவிடும். ஆனால் அதன் மேல் நகத்தை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இறுதிச் சடங்கு நிலையத்திலிருந்து காலை ஏழரைக்கே ஃபோன் வந்துவிட்டது. பல் இல்லாததால் வாய் உள்ளே போய்க் கிடக்கிறது, பத்து மணிக்குள் கொண்டுவந்து கொடுத்தால் பார்க்க வருபவர்களுக்கு முகம் முகமாக இருக்கும் என்றார்கள்.

"பையத் தொறந்து பாக்கணும்னுகூடத் தோணலையாடா உனக்கு?"

"தோணிச்சு. அதான் தொறக்கல," என்றான் டரன். அவளுடைய தம்பி. மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறான். பர்னி என்கிற இந்தத் துறைமுக ஊரிலேயே, அப்பா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். சமையலறை வாசலில் நின்றபடி டோஸ்ட்டைக் கடித்துக்கொண்டே அவள் தேய்ப்பதை வேடிக்கை பார்த்தான்.

"அதக் கீழ வச்சிட்டுத் தின்னு. பாக்கவே குமட்டுது."

"பல்லத் தேய்க்கறது நீ. எனக்கே குமட்டல, உனக்கு என்ன?" என்றான் அவன். பிறகு, "அந்த மொழிக்காரங்க நேத்து சாயந்திரமே மெல்போர்ன்ல கப்பல் ஏறிட்டாங்களாம். ஏழு பேரு வர்றாங்க. அடக்க சர்வீஸ்ல ரெண்டு நிமிஷம் குடுத்தா அப்பாவோட மொழியில பேசுவாங்களாம்."

"சர்வீஸ்ல ஒண்ணும் கெடையாது. டீ குடிக்கறப்ப வேணா அவங்க சர்க்கஸ நடத்திக்கட்டும்."

"அப்பாவுக்குப் புடிக்கும்."

"அப்பாவுக்குப் புடிச்சத இத்தன வருஷம் பண்ணியாச்சு. இன்னிக்கு ஒரு நாளாவது மனுஷங்க மாதிரி இருப்போம்."

வீட்டு முன்னால் வாடகைக்கு எடுத்த பெரிய இரும்புக் குப்பைத் தொட்டி ஒன்று நின்றது. அதை நிரப்பத்தான் ஜனீன் லான்செஸ்டனிலிருந்து திங்கட்கிழமையே வந்திருந்தாள். அப்பாவின் மெத்தை, மூட்டை மூட்டையாகப் பழைய துணி, பின்னறையிலிருந்த பதினொரு தடி நோட்டுப் புத்தகங்கள் எல்லாம் அதற்குள் போய்விட்டன. நோட்டுகளைத் தூக்கிப் போட்டபோது அவளுக்கு நெஞ்சு இலேசானது என்றே சொல்ல வேண்டும். கட்டம் கட்டமாகப் பென்சிலில் எழுத்துகள், அம்புக்குறிகள், வினைச்சொற்களின் அட்டவணைகள். கிளைவ் என்கிற அவளுடைய அப்பா முப்பத்தைந்து வருஷம் நகராட்சிக்காகத் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். வேலையை விட்ட பிறகு மிச்ச நேரத்திலெல்லாம், உலகத்தில் எவனும் பேசாத ஒரு மொழியைச் செய்துகொண்டிருந்தார். பிள்ளைகளோடு இருந்ததை விட அந்தப் பின்னறையில்தான் அவர் அதிகமாகக் குடியிருந்தார் என்பது ஜனீனின் கணக்கு. தொட்டியை எடுக்கும் லாரி நாலு மணிக்கு வரும்.

வருகிற அந்தக் கூட்டத்தை அவள் பார்த்ததில்லை. ஆளுக்கொரு மொழியைச் சொந்தமாகச் செய்துகொள்ளும் ஆட்கள் என்று மட்டும் தெரியும். அந்த மொழிகளெல்லாம் ஒரே மூதாதை மொழியிலிருந்து கிளைத்தவையாக இருக்க வேண்டுமென்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. அந்த மூதாதை மொழியைச் செய்து கொடுத்தவர் அப்பா. அதனால் அவர்களிடையே அவருக்குப் பெரிய மரியாதை. வீட்டுக் கூரை ஒழுகியபோது ஏணி ஏறாத மனுஷனுக்கு அப்படி ஒரு மரியாதையா என்று அவளுக்கு எரியும்.

பதினோரு மணிக்குச் சர்வீஸ் முடிந்தது. முகம் பார்க்கப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தபோது, வழுக்கைத் தலையும் சாம்பல் நிற கார்டிகனுமாக ஒருவர் மற்றவர்களை விட நீண்ட நேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து ஜனீனிடம் வந்து கையை நீட்டினார்.

"ஆல்வின். பாலரட்லேருந்து வர்றேன். உங்கப்பா எனக்குக் குரு மாதிரி." பிறகு குரலைத் தாழ்த்தி, "பல்செட் நல்லா உக்காந்திருக்கு. நான் நாப்பது வருஷம் பல்செட் செய்யற தொழில்லதான் இருந்தேன். சாதாரணமா இந்த நெலமையில மேல் பல்லு எறங்கிடும்," என்றார்.

ஜனீன் கையை விடுவித்துக்கொண்டு, கோட்டுப் பையிலிருந்த டிஷ்யூவில் துடைத்தாள்.

சடங்குக்குப் பிறகான டீ ஏற்பாடு, புல்தரையில் பந்துருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பில். நீண்ட மேசையில் சாண்ட்விச், சாசேஜ் ரோல், தேங்காய்த்தூள் புரட்டிய கேக். அக்கம்பக்கத்துக் கிழங்கள் அதற்காகவே வந்தவை போல மேசையை மொய்த்தன. மொழிக்காரர்கள் ஏழு பேரும் ஒரு மூலையில் கூடியிருந்தார்கள். பல நாள் வெயில் படாத தோலும் பொத்தான் மாறிப் போட்ட சட்டையுமாக இருந்தார்கள். ஒருத்தர் சாசேஜ் ரோலை வாயில் அடைத்துக்கொண்டே பேசினார். துணுக்குகள் தெறித்தன. இவர்களோடு உட்காரத்தான் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாரா என்று நினைத்து ஜனீன் தன் தட்டிலிருந்த சாண்ட்விச்சை ஒதுக்கி வைத்தாள்.

டரன் கரண்டியால் கோப்பையைத் தட்டினான். "அப்பாவோட சிநேகிதங்க ரெண்டு வார்த்தை சொல்லணுமாம். கொஞ்சம் பொறுத்துக்கங்க. புரியலைன்னா கவலப்படாதீங்க, எனக்கும் புரியாது."

சிரிப்பு எழுந்தது. ஆல்வின் எழுந்து நின்று கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டார். கண்ணை மூடினார். பிறகு உதட்டின் இடது ஓரத்தை, கொக்கி போட்டு இழுத்த மாதிரி, கீழே தொங்கவிட்டார்.

"ஹா லெ... அல்லஹா... னே யா ழாஹ்ஹ்..."

உதடு எங்கேயும் ஒட்டவில்லை. நாக்கு வாய்க்குள் எடை கூடின பொருளாகப் புரண்டது. சொல்லின் கடைசியில் இடப்பக்கமாகக் காற்று ஒழுகி, அதோடு எச்சிலும் சளசளத்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் முன்னால் 'ங்ஹ்' என்று ஒரு முக்கல். எழுபது வயது ஆண்பிள்ளையின் ஆரோக்கியமான தொண்டையிலிருந்து, இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன நோலா பேசினாள்.

டரனின் கோப்பை வழியிலேயே நின்றது. "ஜனீன்," என்றான். "அது நம்ம அம்மா."

அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே அவளுடைய கை தானாகப் பைக்குள் போய் டிஷ்யூவைத் தேடியது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து முகத்தின் இடப்பாதி செத்துப்போன பிறகு நாலு வருஷம், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஜனீன் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வருவாள். ஜன்னலோர நாற்காலியில் அம்மா இருப்பாள். கழுத்தில் துண்டு கட்டியிருக்கும். குனிந்து முத்தம் கொடுக்கும்போது அம்மா ஏதோ சொல்வாள், எச்சில் வந்து கன்னத்தில் விழும். ஒரு சொல்லும் புரியாது. "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு, நடைக்கு வந்து கதவு மறைவில் நின்று கன்னத்தை அழுத்தித் துடைப்பாள். காரில் ஏறிய பிறகும் துடைப்பாள். அப்போதும் அப்பா மூலையில் உட்கார்ந்து பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருப்பார். குறுக்கெழுத்துப் போட்டி என்று நினைத்திருந்தாள். கடைசி ஒரு வருஷம், அவள் விடைபெறக் குனிந்தால் அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். கோபம்தான், வேறென்ன. அந்தக் கோபத்தோடேயே அம்மா போனாள்.

ஆல்வின் முடித்ததும் மூலையிலிருந்தவர்கள் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். ஜனீன் நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"இத எங்க கத்துக்கிட்டீங்க?"

"நல்லா வந்துதா?" அவர் முகம் மலர்ந்தது. "கிளைவ் அனுப்பின டேப்புதான். மொத்தமே பதினாலு நிமிஷம். அந்த ஓர வழிச் சத்தம் புடிபட எனக்கு ரெண்டு வருஷமாச்சு. கன்னத்துல பஞ்ச வச்சிக்கிட்டுப் பழகினேன். ப, ம மாதிரி உதடு ஒட்டற சத்தம் ஒண்ணுகூட இல்லாத மொழி, பாருங்க. அதுவே பெரிய துணிச்சல். போன வருஷம் உச்சரிப்புக்குன்னு நாங்க பரிசுகூட குடுத்தோம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்," என்றார் கூச்சத்தோடு.

"டேப்புல யாரு பேசறதுன்னு சொன்னாரு?"

"அந்த மொழியைத் தாய்மொழியாப் பேசின கடைசி ஆளுன்னு எழுதியிருந்தார். நாங்க அத அப்படியே எடுத்துக்கல. எங்க கூட்டத்துல எல்லாரும் இப்படி ஒரு கதை கட்டுவோம், ஆளு, ஊரு, ராஜா எல்லாம். யாரோ நாடகக்காரம்மாவப் பேச வச்சிருக்கார்னு நெனச்சோம். பிரமாதமா நடிச்சிருக்காங்க."

நரைத்த ஜடை போட்ட ஓர் அம்மாள் உற்சாகமாக நடுவே புகுந்தாள். "நான் பிலிப்பா. அந்த மொழியோட வினைச்சொல் அமைப்புதான் எனக்கு உயிரு. எந்த வேலையைச் சொன்னாலும் 'பிறர் கை' வடிவத்துலதான் வரும். கழுவப்படறது, ஊட்டப்படறது, தூக்கி உக்கார வைக்கப்படறது, இப்படி. சொந்தமா ஒருத்தர் செய்யற வேலைன்னு மொத்தமே நாலு வினைதான். பாக்கறது, விழுங்கறது, மூச்சு விடறது, காத்திருக்கறது. எப்பேர்ப்பட்ட ஜனங்க பாருங்க! ஒரு துரும்பக்கூட தன் கையால தொடாத ராஜ வம்சம்னு நான் நாப்பது பக்கம் கட்டுரை எழுதினேன். ஆல்வின் இல்ல, பூசாரிங்கன்னாரு. ரெண்டு வருஷம் சண்ட போட்டோம்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"அவர் வாயே தொறக்கல. 'ராஜ வம்சம்னே வச்சிக்கங்க, அவளுக்குப் புடிக்கும்'னு ஒரு வரி எழுதினாரு."

"ராஜ வம்சமும் இல்ல, பூசாரியும் இல்ல," என்றாள் ஜனீன். குரல் உயர்ந்துவிட்டது, மேசையருகே கிழங்கள் மெல்லுவதை நிறுத்தின. "அது எங்கம்மா. நோலா. பக்கவாதம் வந்து நாலு வருஷம் நாற்காலியிலயும் கட்டில்லயும் கெடந்தா. ஒண்ணுக்குப் போறதுக்குக்கூடத் தூக்கி வைக்கணும். வாய் கோணிப்போய் எச்சில் ஒழுகும். அந்த எச்சிலத்தான் நீங்க பஞ்சு வச்சிப் பழகியிருக்கீங்க. அதுக்குத்தான் பரிசு குடுத்திருக்கீங்க."

பிலிப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆல்வினின் வாயோரத்தில் ஒரு மாவுத் துணுக்கு ஒட்டியிருந்தது. அவர் அதைத் துடைக்கக் கையைத் தூக்கிப் பாதியில் இறக்கினார்.

"எங்களுக்குத் தெரியாதும்மா," என்றார்.

"இப்ப தெரிஞ்சுதில்ல? இனிமே ஒருத்தர் வாயிலயும் அது வரக் கூடாது. அந்த டேப்ப அழிச்சிடுங்க. எல்லாரும்."

"சரி. அழிச்சிடறோம்." தரையைப் பார்த்துக்கொண்டு, "அவரோட நோட்டுங்க...?" என்றார்.

"குப்பத் தொட்டியில இருக்கு. மெத்தைக்கு அடியில. நாலு மணிக்கு லாரி வருது." இதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது. மறைப்பானேன், நன்றாகவே இருந்தது.

சமையலறைக்குள் போய் அவள் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள். அப்பாவின் மேல்தான் அருவருப்பு அதிகம். பெற்ற தாய் மாதிரி அம்மாவைக் கவனித்தார் என்று ஊரே அவரை மெச்சியது. மூலையில் உட்கார்ந்து கட்டியவளின் வாய் கோணலை அட்டவணை போட்டிருக்கிறார், எந்தச் சத்தம் வருகிறது, எது வரவில்லை என்று. கூட்டிப் பெருக்கி ஒரு மொழியாக்கி ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். டேப்பை ஓடவிட்டு அம்மா முன்னால் வைத்தபோது அவரால் எப்படிக் கண்ணைப் பார்க்க முடிந்தது? கோப்பையின் அடியில் ஊறிப்போன பிஸ்கட் கூழாக ஒட்டியிருந்தது. அதையும் நகத்தால் தொட முடியாமல் ஸ்பூனால் தோண்டினாள்.

டரன் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

"அப்பாவுக்கு மட்டும் அம்மா பேசறது புரியும்," என்றான். "ஞாபகம் இருக்கா? நாம முழிச்சிக்கிட்டு நிப்போம். அவர் பாட்டுக்கு, போர்வை வேணுமாம், ரேடியோவ நிறுத்தணுமாம்பாரு. நான் சும்மா அடிச்சி விடறாருன்னு நெனப்பேன்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. எழுதி எழுதிப் பாத்துத்தான் புரிஞ்சிக்கிட்டாரோ என்னவோ." அவன் ஒரு கோப்பையைத் துடைத்து வைத்தான். "நானும் நீயும் எழுதிப் பாக்கல."

ஜனீன் குப்பைப் பையை முடிந்து எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே வந்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் கடல் காற்று ஆளைத் தள்ளியது. மொழிக்காரர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர் ஏற்கெனவே பெரிய காருக்குள். பிலிப்பா மட்டும் ஹோபார்ட்டில் தங்கை வீட்டுக்குப் போகிறாள் போலிருக்கிறது, தனிக் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தாள். ஆல்வின் அவளிடம் எதுவும் பேசவில்லை. அவளருகே போனார், முகத்தை இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிலிப்பா புறங்கையால் தன் இடது கன்னத்தை மெல்ல ஒரு தடவை துடைத்துக்கொண்டாள். பிறகு காரில் ஏறிப் போய்விட்டாள்.

குப்பைப் பை ஜனீனின் கையில் தொங்கியது. அவள் அங்கிருந்தே கேட்டாள். "இப்ப என்ன பண்ணீங்க?"

ஆல்வின் திடுக்கிட்டுத் திரும்பினார். "மன்னிச்சுக்கங்க. வாயால ஒண்ணும் சொல்லலை. கை பழக்கம்..."

"என்ன அது?"

"பிரியறப்ப செய்யற மொறை. கிளைவ் முதல் கடுதாசியிலயே எழுதினாரு. போறவங்க கிட்ட விடை வார்த்தை சொல்றவங்க முகத்த ஜன்னல் பக்கம் திருப்பிக்கணும். கேக்கறவங்க கன்னத்தத் துடைச்சிக்கணும். ஏன்னு கேக்காதீங்க, அவங்க வழக்கம் அதுன்னு எழுதியிருந்தாரு. பதினெட்டு வருஷமா நாங்க இப்படித்தான் விடைபெறறது. உள்ள நான் கடைசியாச் சொன்னதுகூட அதுதான்."

"என்ன அர்த்தம்?"

ஆல்வின் அவள் முகத்தைப் பார்த்தார். இந்நேரம் அவருக்கும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். சொல்லலாமா கூடாதா என்று தயங்குவது தெரிந்தது.

"சொல்லுங்க."

"'துடைச்சிக்கோ கண்ணு, நான் பாக்கல.' அவ்வளவுதான்."

ஜனீன் குப்பைப் பையைத் தரையில் வைத்தாள். அவளுக்குக் கதவு மறைவு ஞாபகம் வந்தது. நடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்ததும், அம்மாவின் நாற்காலி அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடியே போட்டிருந்தது என்பதும் ஞாபகம் வந்தன. தன் மேலேயே அவளுக்கு அப்படி ஓர் அருவருப்பு எழுந்தது, கழுவாத வாயை இருபத்தைந்து வருஷம் வைத்துக்கொண்டிருந்த மாதிரி.

பின்கதவில் டரன் தலையை நீட்டினான். "ஜனீன், கோப்பையெல்லாம் எங்க அடுக்கறது?"

"அந்த லாரிக்காரனுக்கு ஃபோன் போடு."

"என்னன்னு?"

"வர வேணாம்னு சொல்லு."

அவன் ஆல்வினைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஃபோனை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். காரிலிருந்து யாரோ ஹாரனை மெல்லத் தட்டினார்கள். கப்பலுக்கு நேரமாகியிருக்கும்.

"வரட்டுங்களா?" என்றார் ஆல்வின்.

"அதச் சொல்லிட்டுப் போங்க."

"வேணாம்னீங்களேம்மா."

"ஒரு தடவ. என்கிட்ட."

அவர் கைக்குட்டையை எடுத்தார், பிறகு என்ன நினைத்தாரோ பைக்குள்ளேயே வைத்துவிட்டார். கிட்டே வந்தார். சாசேஜ் வாடை அடித்தது. இடது வாயோரத்தைத் தொங்கவிட்டு, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, 'ங்ஹ்' என்று மூச்சிழுத்து, அந்தச் சொற்களை நிதானமாகச் சொன்னார். கடைசிச் சொல்லில் காற்று ஓர வழியாக ஒழுகியது. எச்சில் பொட்டு ஒன்று வந்து அவளுடைய கன்னத்தில் விழுந்தது.

அவர் திரும்பிப் பார்க்காமல் போய்க் காரில் ஏறினார். ஜனீனின் வலது கை கோட்டுப் பைக்குள் டிஷ்யூவைக் கசக்கிப் பிடித்திருந்தது. கார் துறைமுகச் சாலையில் இறங்கி, ஏற்றுமதிக்குக் குவித்திருந்த மரச்சில்லு மலையைத் தாண்டி வளைவில் மறையும் வரை அந்தக் கை வெளியே வரவில்லை. காற்றில் கன்னத்தின் அந்த ஓரிடம் மட்டும் சில்லென்று கொஞ்ச நேரம் இருந்தது.